ஒன்பதாவது ட்ரம்

சூர்,
12 ஜனவரி 1996

தம்பி ஹுமைதுக்கு,

ஸலாம். தாத்கரீமின் ஐஸ் லாரியில் நீ கொடுத்தனுப்பிய சுறாக் கருவாடு வந்து சேர்ந்தது. இது நான்காவது மூட்டை. நான்கிலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வீட்டில் வைக்க இடமில்லாமல் எதிர் வீட்டு ஸுரய்யாவுக்குப் பாதியைத் தள்ளிவிட்டேன். இனிமேல் அனுப்புவதென்றால் கடிதம் அனுப்பு, இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

வாப்பா மௌத்தாகி நாலரை மாதம் ஆகிறது. நானாக எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ரமலான் நெருங்குகிறது. இந்தக் கசப்பை வயிற்றில் வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் ஆண்கள் கூடிய மஜ்லிஸில் நடந்தது எல்லாம் பெண்கள் பக்கத்துத் திரை வழியாக எனக்குக் கேட்டது. மர்ஹூன் சாச்சா என் புருஷனை எல்லார் முன்னாலும் உட்கார வைத்து, "இருபது வருஷம் ஓட்டுன பாதை. ட்ரம்மை விட்டு எப்படிய்யா வெளிய போன? கண்ணு தெரியலன்னா சாவிய வேற ஆள்கிட்ட குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டார். இவர், "ட்ரம்மைப் பாத்துத்தான் போனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யார் நம்புவார்கள்? வண்டி சிக்கிய மறுநாளே ஊர் போய்ப் பார்த்தபோது உப்புத்தரையில் பாதைக்கு அடையாளமாக வைத்த பதினெட்டு ட்ரம்மும் வைத்த இடத்தில் நின்றன. வண்டி மட்டும் கடல் பக்கமாக ஒரு மைல் தள்ளி அச்சு வரை சேற்றில் கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாப்பாவை ஐந்து மணி நேரம் அந்த வெயிலில் கிடத்தியது இவர்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இருந்த தண்ணீர் முழுவதையும் வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டு இவர் உதடு வெடித்துக் கிடந்ததை யாரும் பேசவில்லை. நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கஹ்வாக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாய். கூடப் பிறந்தவன், ஒரு வார்த்தை, "விடுங்க சாச்சா, மச்சான் வேணும்னேவா பண்ணாரு?" என்று சொல்லியிருந்தால் உன் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

அவர் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. காலையில் எழுந்து முற்றத்தில் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு வண்டியில் போகிறார்கள்.

குபைஷா


கோர் நஹ்தா,
27 ஜனவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ரமலான் வாழ்த்து. உன் கடிதம் ஐஸோடு ஐஸாக நனைந்து வந்தது, வெயிலில் காய வைத்துப் படித்தேன். சில இடம் மை கரைந்து போயிருந்தது. நல்லவேளை, திட்டு மட்டும் ஒன்றும் கரையவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். இந்த வருடம் இறால் நன்றாக இருந்தது. கழிமுகத்தில் பூநாரைகள் பழைய மாதிரி வந்து இறங்கியிருக்கின்றன. மர்ஹூன் சாச்சாவுக்கு முட்டிவலி, அதனால் எல்லாரையும் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திட்டுகிறார்.

அன்று நான் என்ன பேசியிருக்க முடியும், சொல். சாச்சா பேசும்போது நடுவில் வாய் கொடுக்கும் வழக்கம் நம் வீட்டில் உண்டா? அதுவும் மௌத் வீட்டில். நடந்தது அல்லாஹ் எழுதி வைத்தது. மச்சானை யாரும் கெட்டவர் என்று சொல்லவில்லை. வயது ஆகிறது என்றார்கள், அவ்வளவுதான். வயது எல்லாருக்கும் ஆகத்தானே செய்கிறது.

கருவாடு வேண்டாம் என்றால் பேரீச்சம்பழம் அனுப்புகிறேன். பெருநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா.

உன் தம்பி,
ஹுமைத்


சூர்,
9 பிப்ரவரி 1996

ஹுமைது,

வயது எல்லாருக்கும் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு நாற்பத்தாறு. மர்ஹூன் சாச்சா எழுபது வயதில் இரண்டு பேர் கையைப் பிடித்துப் படகில் ஏறுகிறார். அவர் கண்ணை யாரும் கேட்கவில்லை.

கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நோன்போடு போய் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார், கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார். "உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல, கழுகுக் கண்ணு" என்றார் டாக்டர். வேறு யாராயிருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். இவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு சரியில்லன்னா ஒரு காரணம் இருந்திருக்கும் குபைஷா. இப்ப மூளைதான் சரியில்லன்னு ஆவுது" என்றார்.

ஒன்பதாவது ட்ரம்மில் பாதை கடல் பக்கம் திரும்பியது என்கிறார். அங்கே திரும்பாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் ட்ரம்முக்குப் பின் ட்ரம் அப்படித்தான் நின்றது என்கிறார், வாப்பாவும் பார்த்தாராம். தரையை நம்பாதே, ட்ரம்மை நம்பு என்று வாப்பாதான் அவருக்கு முதன்முதலில் இந்தப் பாதையைக் காட்டினார். அதனால் நம்பினாராம். இதையே தினமும் சொல்லிவிட்டு, கடைசியில், "இல்ல, வெயில்ல எனக்கு அப்பிடித் தோணியிருக்கும்" என்று முடிப்பார்.

வண்டியை விற்கப் போகிறார். இப்ராவிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டுப் போனார். மார்ச் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார். தோணிப்பட்டறையில் காவலாளி வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இருபது வருடம் இந்தக் கரை முழுக்க மருந்தும் ஐஸும் மணப்பெண்ணும் ஏற்றிப் போன மனுஷர் மரக்கட்டைக்குக் காவல் இருக்கப் போகிறார்.

சாவி கைமாறிவிட்டால் அவர் அவ்வளவுதான். எனக்குத் தெரியும்.

குபைஷா


கோர் நஹ்தா,
29 பிப்ரவரி 1996

அக்கா,

பெருநாள் வாழ்த்து, தாமதமாக. நான் சூருக்கு வரக் கிளம்பினேன். பெருநாளின் மூன்றாம் நாள் காலையில் சாச்சாவின் பிக்கப்பை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். உன்னிடம் நேரில் சில விஷயம் பேச வேண்டியிருந்தது. வரவில்லை, பாதியில் திரும்பிவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். போன வரைக்கும் சொல்கிறேன்.

உப்புத்தரையைத் தாண்டும்போது ஜன்னலை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு மணல்மேடு நேராகக் கடலில் இறங்கும் இடம் வருமே, அங்கே கடல் உள்வாங்கிய வற்ற நேரம். ஈர மணலில் ஓட்டினேன். டயருக்கு முன்னால் கடற்காகங்கள் கூட்டமாக எழுந்து வழி விட்டு, பின்னால் போய் உட்கார்ந்தன. ஆமை ஒன்று விடிகாலையில் முட்டையிட்டுத் திரும்பிய தடம் அப்படியே கிடந்தது. நான் சுற்றிக்கொண்டு போனேன். மச்சானோடு போகும்போது தடத்தின் மேல் ஏற்றினால் தலையில் குட்டுவார்.

குவைமாவில் சிங்கி இறால் பிடிக்கும் கூடு பின்னிக்கொண்டிருந்தவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெருநாள் அல்வா கொடுத்தார்கள். "முஸல்லம் எங்க? கண்ணு போயிடுச்சாமே, நெசமா?" என்று ஒருவர் மச்சானை விசாரித்தார். அல்வா வாயில் இருந்தது. "அப்பிடித்தான் சொல்றாங்க" என்றேன். அக்கா, நான்தான் அப்படிச் சொன்னேன்.

அதற்கு வடக்கே ஐந்து வீடு மட்டும் இருக்கும் அந்த ஊரில், விதவை ஷம்ஸாவின் குடிசை. வண்டிச் சத்தம் கேட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நான் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. "முஸல்லம்னு நெனச்சேன். சக்கரை ஊசி மருந்த ஐஸ்ல வெச்சு அவருதான் கொண்டாருவாரு. இந்த தாத்கரீம் லாரி கரைக்குள்ள வராது. நான் நாலு மைல் நடந்து மேட்டு ரோட்டுக்குப் போறேன்" என்றாள். காலில் புண். துணி சுற்றியிருந்தாள்.

அல் அஷ்காராவில் மத்தி காய்ந்துகொண்டிருந்தது, கரை முழுக்க வெள்ளியாக. ஒட்டகங்கள் வேலியைத் தாண்டித் தலையை நீட்டித் திருடிக்கொண்டிருந்தன. டீக்கடையில் தாத்கரீம் இருந்தான். "என்னடா, அக்கா வீட்டுக்கா? போ போ. மச்சானுக்கு ஒரு கண்ணாடி வாங்கிட்டுப் போ" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அங்கிருந்து சூர் இரண்டு மணி நேரம்தான். நான் டீயை வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன். ஷம்ஸா வீட்டைத் தாண்டும்போது அவள் மறுபடி வெளியே வந்து பார்த்தாள். நான் நிற்கவில்லை.

வண்டியை விற்க வேண்டாம் என்று மச்சானிடம் சொல்.

ஹுமைத்


சூர்,
6 மார்ச் 1996

ஹுமைது,

விற்க வேண்டாம் என்று நான் சொல்லாமலா இருப்பேன்? ஏன் விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். அது என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது என்று உன் கடிதத்தைப் படித்ததும் பட்டது.

இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும்போது ஒருத்தன் வண்டியைத் திருப்புகிறான் என்றால், அக்கா திட்டுவாள் என்ற பயம் இல்லை அது. சின்ன வயதில் வலையைக் கிழித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் திரிவாயே, அந்த மாதிரி எழுதியிருக்கிறாய்.

அன்று வாப்பாவை எல்லாரும் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள். வண்டிக்குக் காவல் என்று நீ மட்டும் அங்கே தங்கினாய். சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும், எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

இருபத்திரண்டாம் தேதி அந்த ஆள் வருகிறார். அதற்கு முன் எழுது. என்னவாக இருந்தாலும் எழுது.

குபைஷா


கோர் நஹ்தா,
16 மார்ச் 1996

அக்கா,

ட்ரம்மை நகர்த்தியது நான்.

இதை எழுத ஆறேழு தாள் கிழித்தேன். வேறு எப்படி ஆரம்பித்தாலும் நான் நல்லவன் போல வந்தது.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ட்ரம்மைத் தொடுகிறவன் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். தொட்டால் வடக்கே மூன்று ஊருக்கும் ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். நான் யாருக்கும் சொல்லவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் இறால் தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது வடக்கேயிருந்து நான்கு பிக்கப் வந்து கழிமுகத்தைச் சின்னக் கண்ணி வலையால் வழித்துக்கொண்டு போனதே. பொடி இறால்கூட மிஞ்சவில்லை. பறவைகள் பட்டினி கிடந்து வேறு பக்கம் போய்விட்டன. ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. இந்த முறை வந்தால் பாடம் கற்பிக்கிறேன் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் இருபத்தாறு, சனிக்கிழமை பகலில், ஒன்பதாவது ட்ரம்மிலிருந்து நான்கு ட்ரம்மைக் கடல் பக்கம் உருட்டி வைத்தேன். கீழே சேறு, மேலே உப்பு அப்பளம் மாதிரி. சிக்குவார்கள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு போய் இழுத்துவிட்டு, டீ கொடுத்து, வலையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பலாம் என்று கணக்கு. ஊரார் என்னைத் தோளில் தூக்குவார்கள் என்றுகூட நினைத்தேன்.

வாப்பா வியாழக்கிழமைதான் வருவதாக இருந்தது. மீன் வாசம் இல்லாமல் மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரியில் அடம் பிடித்து முன்னாலேயே கிளம்பியது எங்களுக்கு எப்படித் தெரியும்? இப்படி எழுதும்போதே எனக்கு நான் சாக்குச் சொல்வது கேட்கிறது.

இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் உன் வீட்டுப் பக்கம் வர முடியாமல் திரும்பினேன்.

ஞாயிறு மதியம் நான் மேட்டில் ஏறிப் பார்த்தேன். தூரத்தில் வெள்ளை பிக்கப் ஒன்று சாய்ந்து நின்றது. இந்தக் கரையில் எல்லார் வண்டியும் வெள்ளைதான். பக்கத்தில் ஒரு ஆள் தலைத்துணியை அவிழ்த்து வீசிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், அக்கா. "வீசு, நல்லா வீசு" என்று சத்தமாகவே சொன்னேன். வீட்டுக்கு வந்து மீன்சோறு சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். அஸருக்கு எழுந்து போனபோது மச்சான் வாப்பாவை முதுகில் சுமந்துகொண்டு முழங்கால் வரை சேற்றில் நடந்து வந்துகொண்டிருந்தார். நான் பார்த்தவுடன் ஓடியிருந்தால் மூன்று மணி நேரம் குறைந்திருக்கும். வாப்பா பிழைத்திருப்பாரா என்று தெரியாது. பிழைத்திருப்பார் என்றுதான் எனக்குத் தினமும் தோன்றுகிறது.

எல்லாரும் வாப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் நான்கு ட்ரம்மையும் பழைய இடத்துக்கு உருட்டினேன். அமாவாசைக் கடலேற்றம் வந்து உருட்டிய தடத்தை அழித்துவிட்டது. மூன்றாம் நாள் மச்சானை அவர்கள் கேட்டபோது என் கையில் கஹ்வாக் கூஜா இருந்தது. அவர் கிண்ணத்தை நிரப்பினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்து மஜ்லிஸில் நாற்பது பேர் இருந்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டதையும் தூங்கியதையும் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். மர்ஹூன் சாச்சா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உன்ன அப்புறம் வெச்சுக்கறேன். முஸல்லம நான் கேட்ட கேள்விய யாருடா திருப்பி எடுக்கிறது?" என்றார். ட்ரம்மை இனி நான் ஆயுசுக்கும் தொடக் கூடாது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை சாச்சாவும் இன்னும் இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்க சூருக்கு வருகிறார்கள். நான் அவர்களோடு வரவில்லை. மூன்று பெரியவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்து நிற்க எனக்கு முகமில்லை. மச்சான் கூப்பிட்டால் தனியாக வருகிறேன். கூப்பிடாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

இந்தக் கடிதத்தை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாதே.

ஹுமைத்


சூர்,
24 மார்ச் 1996

தம்பி ஹுமைதுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதலில் நான் தனியாகப் படித்தேன். மீன்சோறு சாப்பிட்ட இடத்தில் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். உன்னை என் கையால் கொன்றுவிடலாம் போல இருந்தது, அது இன்னும் போகவில்லை, போகும் என்றும் நான் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன்.

பிறகு அவருக்குப் படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை. முற்றத்தில் வண்டி எதிரே உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "ஒம்பதாவதுதானே?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். எழுந்து உள்ளே போய்ப் படுத்து, மறுநாள் மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் தூங்கினார். ஏழு மாதத்தில் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மர்ஹூன் சாச்சா வாசலிலேயே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இவர் பதறிப்போய் அதை வாங்கித் திரும்பத் தலையில் வைத்து, "சாச்சா, ட்ரம்மு நின்ன எடத்தப் பாத்திருந்தா நானும் என்னைத்தான் கேட்டிருப்பேன். விடுங்க" என்றார். உன்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அவன் சொல்லாம இருந்திருக்கலாம். யாரு கண்டுபிடிச்சிருப்பா? சொல்லிட்டான்ல" என்றார். கூப்பிடவும் சொன்னார். நீ வரலாம். இப்ராக்காரர் வெள்ளிக்கிழமை வந்து டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார். ஷம்ஸாவுக்கு மருந்து வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தாயிற்று, நாளைக்குக் காலையில் கிளம்புகிறார்.

இதோடு முடித்திருப்பேன். உன்னிடம் மட்டும் எல்லாவற்றையும் எழுது எழுது என்று பிடுங்கினேனே, அதனால் நானும் எழுதுகிறேன்.

உனக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றிலும் நான் அவர் பக்கம் நின்றேன். வீட்டில் நிற்கவில்லை. வாப்பா மௌத்தான அன்று அவர் என்னிடம்தான் முதலில் சொன்னார், ட்ரம்மைப் பார்த்துத்தான் போனேன் என்று. நான் "சரி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு வண்டியில் அனுப்பியது அவர் ஓட்ட மறுத்ததால் இல்லை. பள்ளி திறந்த அன்று காலையில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நான்தான், "வேணாம், அவங்க போய்க்குவாங்க" என்றேன். அன்று மாட்டிய சாவிதான், அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவருக்காக இல்லை, எனக்காக. கண் கெட்டுப் போயிருந்தால் அவரை மன்னித்துவிடலாம் என்று எனக்கு இருந்தது. என் வாப்பாவை இவர் கொன்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டே ஏழு மாதம் அவருக்குச் சோறு போட்டேன்.

அவருக்கு இது தெரியாது என்று நினைத்தேன். மூன்று பேரும் கிளம்பிப் போன பிறகு நான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"ஊர்க்காரங்க நம்பல. சரி, அவங்க ட்ரம்மைப் பாத்தாங்க, நின்ன எடத்துல நின்னுச்சு. நீ என்னத்தப் பாத்த குபைஷா? நீ ஏன் நம்பல?"

உனக்குச் சொல்ல நாற்பது பேர் இருந்தார்கள், சொல்லி முடித்துவிட்டாய். எனக்கு எதிரே இவர் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார், மூன்று நாளாக நான் கிண்ணம் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

குபைஷா